குடியேற்ற வரலாற்று நூல்களும் மூதாதையர் தேடலும்: நேட்டால் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவுகளும் தாம்பரம் வட்டார ஊர்களும்

ஆய்வுச் சுருக்கம்

1860 முதல் 1911 வரை சென்னைத் துறைமுகம் வழியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழர்களின் வழித்தோன்றல்கள், இன்று தம் மூதாதையரின் ஊரைத் தேடி வருகின்றனர். இத்தேடலுக்குப் பதிப்பிக்கப்பட்ட குடியேற்ற வரலாற்று நூல்களும் கப்பல் பட்டியல்களும் அடிப்படைச் சான்றுகளாக உள்ளன. அவற்றில் காணப்படும் செங்கல்பட்டு மாவட்ட ஊர்ப்பெயர்களை இன்றைய தாம்பரம், பல்லாவரம், வண்டலூர் வட்டார ஊர்களோடு பொருத்தும்போது எழும் சிக்கல்களை இக்கட்டுரை ஆராய்கிறது. கனடாவில் குடியேறிய உக்ரேனியரின் ஊர் வரலாற்று நூல்கள் ஒப்பீட்டிற்காக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. நிலம் பெற்றவர்களின் வரலாறு நிலத்தைக் கொண்டும், நிலம் பெறாதவர்களின் வரலாறு எண்ணைக் கொண்டும் எழுதப்பட்டுள்ளது என்பதும், ஊருக்கும் சேரிக்கும் இடையிலான பிரிவைக் கருத்தில் கொள்ளாத எந்தத் தேடலும் தவறான வாயிலில் சென்று நிற்கும் என்பதும் இக்கட்டுரையின் வாதங்களாகும்.

திறவுச்சொற்கள்: ஒப்பந்தத் தொழிலாளர், நேட்டால், கப்பல் பட்டியல், செங்கல்பட்டு, தாம்பரம், மிராசு, சேரி, குடும்ப வரலாறு

1. முன்னுரை

தமிழ்நாடு அரசு 2023இல் ‘வேர்களைத் தேடி’ என்னும் பண்பாட்டுப் பயணத் திட்டத்தைத் தொடங்கியது. அயலகத் தமிழ் இளைஞர்களைத் தமிழகத்திற்கு அழைத்துவந்து மரபுச் சின்னங்களையும் கலைகளையும் அறிமுகப்படுத்துவது அதன் நோக்கமாகும். ஆயினும், நான்கைந்து தலைமுறைகளுக்கு முன் புலம்பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெருங்கோயில்களைப் பற்றியதன்று. தம் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதே அது. இதற்கு விடை கூறும் பொறுப்பு வரலாற்றுத் துறையைச் சார்ந்தது.

நேட்டால் சென்றோரின் பட்டியல்களில் சில்லா, தாலுகா, ஊர் என்னும் மூன்று பத்திகள் உள்ளன. சில்லா என்னும் பத்தியில் ‘செங்கல்பட்டு’ என்று பதியப்பட்டவர்கள் பலர். அம்மாவட்டத்தின் ஊர்கள் பல இன்று சென்னையின் தென்புறநகராக மாறிவிட்டன. தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஏரியும் நஞ்சையும் சேரியும் கொண்ட ஊர்களாகப் பதிவேட்டில் இருந்தவை இன்று மாநகராட்சியின் வார்டு எண்களாகவும் மனைப்பிரிவுகளின் பெயர்களாகவும் வழங்குகின்றன. எனவே பதிவேட்டின் ஊரைத் தரையில் கண்டறிவதற்கு முறையான ஆய்வு நெறி ஒன்று தேவைப்படுகிறது.

2. நிலமும் எண்ணும்: இருவகைக் குடியேற்ற வரலாறுகள்

மூதாதையர் தேடலில் குடியேற்ற வரலாற்று நூல்களின் பயனையும் எல்லையையும் விளங்கிக்கொள்ளக் கனடாவின் எடுத்துக்காட்டு உதவும். அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் கலீசியாவிலுள்ள நெபிலிவ் என்னும் சிற்றூரிலிருந்து இவான் பிலிபிவ், வாசில் எலெனியாக் ஆகிய இருவர் 1891இல் கனடா சென்றனர். உக்ரேனியக் குடியேற்றத்தின் தொடக்கமாக இப்பயணம் கருதப்படுகிறது. முதல் உலகப்போர் தொடங்குவதற்குள் ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர் அந்நாட்டில் குடியேறினர். 1872ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி 10 டாலர் கட்டணம் செலுத்தியவருக்கு 160 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. குறிப்பிட்ட ஆண்டுகள் அந்நிலத்தில் வசித்து உழுதால் அது அவருக்கே உரிமையாயிற்று.

சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்கள் 1980இல் தம் 75ஆம் ஆண்டு நிறைவைக் கொண்டாடியதையொட்டி, ஊர்தோறும் மக்களே கூடி வரலாற்று நூல்களைத் தொகுத்து வெளியிட்டனர். பள்ளி, தேவாலயம், அஞ்சலகம் ஆகியவற்றின் வரலாறும் குடும்பங்களின் வரலாறும் அவற்றில் இடம்பெற்றன. அளவை எண்ணால் குறிக்கப்படும் நிலத்துண்டே அக்குடும்ப வரலாறுகளுக்கு அச்சாணியாகும். பேரனுக்கு நிலத்துண்டின் எண் தெரிந்தால் நில விண்ணப்பம் கிடைக்கும். விண்ணப்பத்திலிருந்து வந்த ஆண்டையும் கப்பலையும் அறியலாம். கப்பல் பட்டியலிலிருந்து கலீசியச் சிற்றூரை நெருங்கலாம். இதிலும் தடைகள் உண்டு. அக்காலப் பதிவுகளில் இம்மக்கள் ‘உக்ரேனியர்’ என்று குறிக்கப்படவில்லை. ‘கலீசியர்’, ‘ருத்தேனியர்’, ‘ஆஸ்திரியர்’ என்றே எழுதப்பட்டனர். பதிவு செய்யும் அதிகாரம் உடையவர் இட்ட பெயரே பதிவில் நின்றது. ரீயூனியன் தீவில் தமிழ் வழித்தோன்றல்கள் இன்றும் ‘மல்பார்’ எனப்படுவதும் இத்தகையதே.

நேட்டாலின் நிலை அடிப்படையில் வேறுபட்டது. அங்குச் சென்றவர் விண்ணப்பம் இட்டு நிலம் பெற்ற குடியேறி அல்லர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையொப்பம் அல்லது கைந்நாட்டு இட்ட தொழிலாளர். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலியும், பின்னர் ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வும் என்பது ஒப்பந்தம். பத்தாண்டு முடித்தவர் ஊர் திரும்புவதற்கான கப்பல் கட்டணத்திற்கு ஈடாக அரசு நிலம் பெறலாம் என்ற விதி தொடக்கத்தில் இருந்தபோதிலும், அவ்வாறு நிலம் பெற்றோர் மிகச் சிலரே. 1895ஆம் ஆண்டின் 17ஆம் சட்டம் ஒப்பந்தம் முடிந்தும் தங்கியவர் மீது ஆண்டுக்கு 3 பவுன் வரியைச் சுமத்தியது. 1914இல்தான் அவ்வரி நீக்கப்பட்டது. கனடா அரசு குடியேறியவரை நிலத்தில் நிலைநிறுத்த முயன்றது. நேட்டால் அரசோ ஒப்பந்தம் முடிந்தவரை வெளியேற்ற முயன்றது. இவ்வேறுபாடே இருவகை வரலாற்று எழுத்துகளின் வடிவத்தையும் தீர்மானித்தது. நிலம் பெற்றவரின் வரலாறு நிலத்துண்டின் எண்ணிலிருந்து தொடங்குகிறது. நேட்டால் தொழிலாளரின் வரலாறு அவருக்கு இடப்பட்ட குடியேற்ற எண்ணிலிருந்து தொடங்குகிறது.

‘முன்னோடிகள்’ என்னும் சொல் 1860இல் வந்தவர்களைக் குறிக்கவும் நினைவுவிழாக்களில் வழங்கப்படுகிறது. அச்சொல் பெருமையை மீட்டுத் தருகிறது என்பது உண்மை. ஆயினும் அது விருப்பத்துடன் நிலம் திருத்தப் போனவர் என்ற பொருளையும் உடன் கொண்டுவருகிறது. ஒப்பந்தத்தின் கட்டாயம் அச்சொல்லில் மறைந்துவிடுவதை ஆய்வாளர் கவனத்தில் கொள்ளவேண்டும்.

3. கப்பல் பட்டியல்களும் பதிப்பிக்கப்பட்ட நூல்களும்

சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துரூரோ’ என்னும் கப்பல் 342 பயணிகளுடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1866இல் நின்றுபோன இவ்விடப்பெயர்வு, ஊர் திரும்பியோரின் முறையீடுகளும் 1872ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் அறிக்கையும் வெளிவந்த பின்னர் 1874இல் மீண்டும் தொடங்கியது. அடுத்து வந்த தாதுவருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தின் உழைக்கும் மக்களைப் பெருமளவில் இடம்பெயரச் செய்தது. 1911இல் இந்தியாவிலிருந்து நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நிறுத்தப்படும் வரை 1,52,184 பேர் சென்றதாகப் பட்டியல்கள் காட்டுகின்றன. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகவும் எஞ்சியோர் கல்கத்தா வழியாகவும் சென்றவர்கள். சென்னை வழிச் சென்றோருள் வட ஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களைச் சேர்ந்தோர் கணிசமாக இருந்தனர்.

ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, சில்லா, தாலுகா, ஊர், உயரம், உடல் அடையாளம், பணியமர்த்தப்பட்ட தோட்டம் ஆகிய விவரங்கள் பட்டியலில் பதியப்பட்டன. இப்பட்டியல்களை ஆதாரமாகக் கொண்டு சுரேந்திர பானா 1991இல் வெளியிட்ட நூல், சென்றவர்களின் சாதி, பால், மாவட்டப் பரவலைக் கணக்கிட்டுக் காட்டியது. ஜாய் பிரெய்ன் 1983இல் வெளியிட்ட ஆய்வு, நேட்டாலின் கிறித்தவ இந்தியரைப் பற்றியது. ஒய்.எஸ்.மீர் முதலியோர் 1980இல் தொகுத்த ஆவணத் தொகுதி சட்டங்களையும் அறிக்கைகளையும் ஒருங்கே தந்தது. அஷ்வின் தேசாய், கூலம் வாஹித் ஆகியோர் 2007இல் வெளியிட்ட நூல், எண்களாக இருந்தவர்களின் வாழ்க்கையை முறையீட்டு மனுக்களிலிருந்தும் நீதிமன்றப் பதிவுகளிலிருந்தும் மீட்டெடுக்க முயன்றது.

இந்நூல்கள் அனைத்தும் டர்பனிலிருந்தும் பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்தும் கடலை நோக்கி எழுதப்பட்டவை. செங்கல்பட்டு என்னும் பெயர் அவற்றில் ஒரு பட்டியல் தலைப்பாகவே நிற்கிறது; அதன் ஊர்களுக்குள் அவை நுழைவதில்லை. நுழைவது அந்நூல்களின் நோக்கமும் அன்று. எஞ்சிய பகுதியை எழுதவேண்டியவர்கள் தமிழகத்து ஆய்வாளர்களே.

மொரீஷியஸ் நாட்டின் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டின் குடியேற்றப் பதிவேடுகளைப் பாதுகாக்கிறது. அங்கும் எண்ணே திறவுகோலாகும். இந்திய அரசு வழங்கும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டையை மொரீஷியஸில் ஏழாம் தலைமுறையினர் வரை பெறுவதற்கான சிறப்பு ஏற்பாடு 2024 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. இதனால் பழைய பதிவேட்டின் ஒரு வரி, உணர்வு சார்ந்த சான்று என்ற நிலையைக் கடந்து சட்டச் சான்றாகவும் ஆகியுள்ளது. அவ்வரியைப் பிழையின்றிப் படிக்கவேண்டிய தேவை இதனால் மேலும் கூடுகிறது.

4. செங்கல்பட்டு வட்டாரத்தின் ஆவண மரபு

புலம்பெயர்ந்தோரின் ஊரைத் தேடுபவருக்குச் செங்கல்பட்டு ஒருவகையில் நற்பேறான மாவட்டமாகும். சென்னையைச் சூழ்ந்திருந்த இப்பகுதி கும்பினியாருக்கு ஜாகீராகக் கிடைத்தபின், தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை அதன் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்கெடுப்பு நிலம், நீர்நிலை, வீடுகள், சமூகங்கள், விளைச்சலில் ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஆகியவற்றை ஊர்வாரியாகத் தந்தது. அதன் மூலமான தமிழ் ஓலைக் கணக்குகளின் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரு ஊர்களின் கணக்குகளைச் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் பதிப்பித்துள்ளது. லயோனல் பிளேசு 1799இல் அளித்த ஜாகீர் அறிக்கையும், சார்லஸ் ஸ்டூவர்ட் குரோல் 1879இல் வெளியிட்ட மாவட்டக் கையேடும் அடுத்துவந்த சான்றுகளாகும்.

எனினும், இவ்வாவணங்களுள் பெரும்பான்மையானவை ஒரே கேள்விக்கு விடையளிக்க எழுந்தவை: நிலவரியை யார் செலுத்துவது? ஆகவே காணியாட்சி அல்லது மிராசு உரிமை பெற்றிருந்தோரே அவற்றில் பெயரோடு தோன்றுகின்றனர். அந்நிலங்களில் உழைத்த படியாட்களும் பண்ணையாட்களும் பெரும்பாலும் தொகையாகவோ, தலைக்கட்டாகவோ, பங்கு பெறும் பிரிவினராகவோ மட்டும் இடம்பெறுகின்றனர். கப்பலேறியவர்களுள் பலர் இப்பிரிவினரே. ஊரில் இருந்தவரை பெயரற்றிருந்த ஒருவர், ஊரைவிட்டு நீங்கிய நாளன்றுதான் முதன்முறையாகத் தம் பெயர், தந்தை பெயர், வயது, உடல் அடையாளம் ஆகியவற்றோடு அரசின் ஏட்டில் ஏறினார். இம்முரணே இத்தேடலின் மையச் சிக்கலாகும். டர்பனில் உள்ள ஏடு அவருடைய பெயரைச் சொல்கிறது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த்துறை ஏடுகள் அவருடைய ஊரைச் சொல்கின்றன. இரண்டும் ஒரே மனிதரிடம் சந்திப்பது அரிது.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் 1891இல் அளித்த குறிப்பு இவ்விடைவெளியைப் புரிந்துகொள்ள உதவுகிறது. தரிசு நிலத்திற்கு விண்ணப்பிப்பதில் மிராசுதாரருக்கு இருந்த முன்னுரிமை, பறையர் சமூகத்தார் நிலம் பெறுவதைத் தடுத்ததை அக்குறிப்பு எடுத்துக்காட்டியது. குடியிருக்கும் மனையும் அவர்களுக்கு உரிமையாக இல்லை என்பதையும் அது சுட்டியது. அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று பிறந்த அரசாணை, பின்னர் பஞ்சமி நிலம் என்று வழங்கப்பட்ட ஒதுக்கீட்டிற்கு அடிகோலியது. யூஜின் இர்ஷிக் 1994இல் வெளியிட்ட நூல், இம்மாவட்டத்து உழைப்பாளரை மண்ணோடு பிணைந்து அசையாதவராகக் காட்டும் கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டமைக்கப்பட்ட விதத்தை விளக்குகிறது. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட நூல், அவ்வுழைப்பின் அடிமைத் தன்மை அரசின் மொழியில் எவ்வாறு மென்மையாக்கப்பட்டது என்பதைக் காட்டுகிறது. இவ்விரு ஆய்வுகளையும் கப்பல் பட்டியல்களோடு சேர்த்துப் படிக்கும்போது ஓர் உண்மை தெளிவாகிறது. மண்ணைவிட்டு அசையாதவர் என்று வருணிக்கப்பட்ட அதே மாவட்டத்து மக்கள் அதே பத்தாண்டுகளில் கடல் கடந்துகொண்டிருந்தனர். உள்ளூரில் மனைக்கும் உரிமையற்ற ஒருவருக்குக் கப்பல், கொடுமையான தெரிவாயினும், ஒரு தெரிவாகவே இருந்தது.

நிலம் பற்றிய இப்பழைய வழக்கு இன்னும் முடியவில்லை. பஞ்சமி நில மீட்பை முன்வைத்து 1994 அக்டோபரில் செங்கல்பட்டை அடுத்த காரணையில் நடந்த போராட்டமும் அதையொட்டிய துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்ததும் அதற்குச் சான்றாகும்.

5. ஊர்ப்பெயரை அடையாளங்காணல்

பட்டியலில் உள்ள ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் உள்ளது. தமிழ் ஒலியைக் கேட்ட எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு எழுதினார். அவர் எழுதியதைப் பிற்காலத்தில் தட்டச்சுப் படியாகவும் கணினிப் படியாகவும் மாற்றியவர்கள் தமிழறியாதவராயின் மேலும் ஒரு திரிபு சேர்ந்தது. ஆங்கில எழுத்தில் டகரமும் தகரமும் ஒன்றே. லகர, ளகர வேறுபாடும் குறில் நெடில் வேறுபாடும் இல்லை. பாக்கம் என்னும் ஈறும் வாக்கம் என்னும் ஈறும் கைமாறக்கூடியவை. எனவே படியெடுத்த பட்டியலை மட்டும் நம்பாமல் மூலப் பக்கத்தின் படிமத்தைக் காண்பதே முதற்படியாகும்.

இரண்டாவது படி ஆட்சி எல்லைகளை ஒப்பிடுவதாகும். அன்றைய சைதாப்பேட்டை வட்டம் பரங்கிமலை, பல்லாவரம், பூந்தமல்லி ஆகியவற்றை உள்ளடக்கியது. இன்று சைதாப்பேட்டை சென்னை மாநகரின் ஒரு பகுதி. செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பரில் செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமாயிற்று. ஆகவே ‘செங்கல்பட்டு’ என்ற பதிவைக் கண்டு இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டும் தேடுபவர், பொன்னேரியையும் திருவள்ளூரையும் காஞ்சிபுரத்தையும் தவறவிடுவார்.

மூன்றாவது படி ஒரே பெயருடைய ஊர்களைப் பிரித்தறிதல். பட்டியலில் மாடம்பாக்கம் என்று படிக்கத்தக்க பதிவு ஒன்று இருப்பதாகக் கொள்வோம். தாம்பரத்தை அடுத்து தேனுபுரீசுவரர் கோயில் அமைந்த மாடம்பாக்கம் உள்ளது. கூடுவாஞ்சேரியை அடுத்து மற்றொரு மாடம்பாக்கம் உள்ளது. கொளப்பாக்கம் வண்டலூரை அடுத்தும் உண்டு, போரூரை அடுத்தும் உண்டு. வழிகாட்டி நூல்களில் முதலில் கண்ணிற்படும் ஊரையே மூதாதையர் ஊராக ஏற்றுக்கொள்வது இத்தேடலில் நிகழும் எளிய பிழையாகும். தாலுகாப் பத்தி தெளிவாக இருந்தால் ஐயம் நீங்கலாம். இல்லையெனில், அதே கப்பலில் அடுத்தடுத்த எண்களில் பதிவானவர்களின் ஊர்களை நோக்கவேண்டும். உறவினரும் ஊராரும் சேர்ந்து பதிவு செய்துகொண்ட நேர்வுகளில் பக்கத்து ஊர்ப் பெயர்கள் அருகருகே தோன்றும். மூன்று நான்கு பதிவுகள் ஒரே ஏரிப் பாசனத்தைச் சேர்ந்த ஊர்களைச் சுட்டினால் அடையாளம் வலுப்பெறும்.

நான்காவது படி, பதிவான ஊர் பிறந்த ஊர்தானா என்று வினவுவதாகும். பஞ்சக் காலத்தில் மக்கள் சென்னையை நோக்கி நடந்தனர். பல்லாவரமும் பரங்கிமலையும் படைமுகாம்களாக இருந்தமையால் வேலை தேடுவோர் அங்கு வந்து தங்கினர். ஆகவே ஒருவருடைய பதிவில் ‘பல்லாவரம்’ என்று காணப்படுவது, அவர் அங்குத் தங்கியிருந்ததை மட்டும் குறிக்கலாம். முகாமில்லாத ஒரு சிற்றூரின் பெயர் பதிவாகியிருப்பின் அது சொந்த ஊராக இருக்கும் வாய்ப்பு கூடுதலாகும்.

ஐந்தாவது படியே மிக முதன்மையானது. வருவாய்க் கிராமம் என்பது ஊரும் சேரியும் சேர்ந்தது. பட்டியலில் இவ்வேறுபாடு இல்லை. ஊர்ப்பெயர் மட்டுமே உள்ளது. தேடி வருபவர் வழக்கமாக முதலில் செல்வது ஊரின் நடுவிலுள்ள கோயிலுக்கும், அங்குள்ள முதியோரிடமும் ஆகும். மூதாதையர் சேரியைச் சேர்ந்தவராயின் அங்குள்ளோர்க்கு அக்குடும்பத்தைப் பற்றிய நினைவு இருக்க வாய்ப்பில்லை. ‘அப்படி யாரும் இங்கு இருந்ததில்லை’ என்ற விடை வரலாற்று விடையன்று. கேட்கப்பட்ட இடம் தவறு என்பதே அதன் பொருள். சேரியின் பழைய பெயர்கள் பல இன்று காலனி என்றும் நகர் என்றும் மாறியுள்ளன. அம்மாற்றங்களை அறிந்தவர்கள் அங்கு வாழ்பவர்களே. அவர்களிடம் குலதெய்வத்தின் பெயர், அத்தெய்வம் உறையும் எல்லை, கொண்டு கொடுத்த ஊர்கள், இடுகாட்டின் இடம் ஆகியவற்றைக் கேட்டறிவது ஏடு தராத சான்றைத் தரும்.

தென்புறநகரின் வளர்ச்சி இச்சான்றுகளைக் குறைத்துவந்தபோதிலும் ஒன்றை விட்டுவைத்திருக்கிறது. இப்பகுதியில் ஒரு மனையை வாங்குபவரின் பத்திரத்தில் வருவாய்க் கிராமத்தின் பெயரும் புல எண்ணும் இன்றும் எழுதப்படுகின்றன. மனைப்பிரிவின் புதிய பெயர் எதுவாயினும் பத்திரம் பழைய ஊரை மறப்பதில்லை. கிராமக் கணக்குகளுள் ‘அ’ பதிவேடும் புல வரைபடமும் நத்தம், ஏரி, களம், இடுகாடு ஆகியவற்றின் இடத்தைக் காட்டும். இன்று அடுக்குமாடிகள் நிற்கும் நிலத்தில் அன்றைய சேரி எப்பக்கம் இருந்தது என்பதை நத்தத்தின் அமைப்பைக் கொண்டு உய்த்துணரலாம்.

6. பெயரும் சாதிப் பத்தியும்

நேட்டாலுக்குச் சென்றவர் பெரும்பாலும் ஒற்றைப் பெயரினர். காலனி ஆட்சியின் பதிவு முறைக்குக் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. அதனால் முனுசாமி, பெருமாள், கோவிந்தசாமி போன்ற தந்தை பெயர்கள் நிலையான குடும்பப் பெயர்களாயின. வேறு சிலர் நாயுடு, பிள்ளை, முதலியார், கவுண்டர், படையாட்சி முதலிய பட்டங்களை ஏற்றனர். அவை ஆங்கில எழுத்தில் புதிய வடிவங்களைப் பெற்றன. இன்று டர்பனில் ஒருவர் தாங்கும் பட்டம் அவருடைய மூதாதையரின் பதிவில் உள்ள சாதியோடு பொருந்தாமல் இருப்பது உண்டு.

இதனைப் பொய் என்று கருதுவது வரலாற்றுப் பார்வையாகாது. ஊரில் பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டவர், தம்மை எவரும் அறியாத நிலத்தில் புதிய பெயரோடு வாழத் தலைப்பட்டார் என்பதே அதன் பொருள். கடற்பயணம் அவருக்களித்த விடுதலைகளுள் அது ஒன்று. பதிப்பிக்கப்பட்ட குடும்ப வரலாறுகள் இவ்விடத்தில் பெரும்பாலும் மௌனம் காக்கின்றன. அம்மௌனத்தைக் கலைக்கும் பட்டியல் இன்று எவரும் காணும்படி கணினியில் உள்ளது.

சாதிப் பத்தியைப் படிப்பதிலும் நுட்பம் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் ‘பள்ளி’ என்ற பதிவு வன்னியரைக் குறித்தது. தென்மாவட்டப் பள்ளரோடு அதனைக் குழப்பிக்கொள்வது, தமிழ்ச் சூழலை அறியாதவர்க்கு எளிது. இவ்வாறான ஒரு பிழை ஒரு குடும்பத்தைத் தவறான மாவட்டத்திற்கு அனுப்பிவிடும். மேலும் கிறித்தவர் என்று பதிவானவர்களின் பத்தியில் சாதி மறைந்துவிடுகிறது. அவர்களைத் தேடுவதற்கு ஞானஸ்நானப் பதிவேடுகளே வழியாகும். பெண்களின் நிலை இன்னும் கடினமானது. தனித்து வந்த பெண்களின் பெயர் பட்டியலில் உண்டு. ஆனால் மணத்திற்குப் பின் கணவர் பெயரின்கீழ் மறைந்துபோன அவர்களை, ஆண்வழிக் குடும்பப் பெயரைக் கொண்டு நடத்தப்படும் தேடல் கண்டடைவதில்லை. எல்லம்மாள் என்னும் பெயரைக் கொண்ட பாட்டியின் ஊரே குடும்பத்தின் நினைவில் எஞ்சிய ஒரே ஊராக இருக்கவும் கூடும்.

எனவே ஆய்வாளர் இரு கடமைகளைச் சமமாகப் பேண வேண்டியவராகிறார். பதிவில் உள்ளதைத் திரிக்காமல் கூறுவது ஒன்று. கேட்காத ஒருவர் மீது அவருடைய மூதாதையரின் சாதியைப் பொதுவெளியில் எழுதிவைக்காதிருப்பது மற்றொன்று. தனிக் குடும்பங்களின் தேடலில் கிடைக்கும் விவரம் அக்குடும்பத்திற்கு உரியது. ஊர், ஆண்டு, எண்ணிக்கை ஆகிய பொது விவரங்களே ஆய்வுலகிற்கு உரியவை.

7. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, குடியேற்ற வரலாற்று நூல்கள் அவை எழுந்த நாட்டின் நில உறவை எதிரொலிக்கின்றன. கனடாவின் உக்ரேனியரை நிலத்துண்டின்வழித் தேடலாம். நேட்டால் தமிழரை அவ்வாறு தேடவியலாது. ஒன்றின் முறையை மற்றொன்றிற்கு அப்படியே பொருத்துவது பயன் தராது.

இரண்டாவதாக, டர்பன் பட்டியல்களும் செங்கல்பட்டின் வருவாய் ஏடுகளும் ஒன்றையொன்று நிறைவு செய்பவை. ஒன்றில் பெயர் உண்டு, நிலம் இல்லை. மற்றொன்றில் நிலம் உண்டு, உழைத்தவர் பெயர் இல்லை. இரண்டையும் இணைக்கும் பாலம் ஊர்ப்பெயரே.

மூன்றாவதாக, அப்பாலத்தை அமைக்க அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்து வருவாய்க் கிராமங்களின் பழைய ஆங்கில எழுத்து வடிவங்கள், தமிழ்ப் பெயர், அன்றைய வட்டம், இன்றைய வட்டம், ஊருக்குரிய சேரிகளின் பழைய, புதிய பெயர்கள் ஆகியவற்றைக் கொண்ட ஒப்பீட்டு அட்டவணை ஒன்று தொகுக்கப்பட வேண்டும். தாம்பரம் வட்டாரம் அதற்குத் தொடக்கமாக அமையலாம். இங்குள்ள கல்லூரிகளின் வரலாறு, தமிழ்த்துறை மாணவர்கள் தம் ஊர்களிலேயே களப்பணி செய்து இதனைத் தொகுக்க இயலும். சேரிப் பெயர்களையும் குலதெய்வ எல்லைகளையும் அறிந்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. ஆதலால் இப்பணியில் காலத்தாழ்வு இழப்பாகும்.

நான்காவதாக, தேடி வருபவரிடம் கூறப்படும் விடை சான்றின் அளவைத் தாண்டக்கூடாது. ‘இதுவே உங்கள் ஊர்’ என்பதற்கும் ‘இவ்விரு ஊர்களுள் ஒன்றாக இருக்கலாம்’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துத் தரப்படும் மகிழ்ச்சி நிலைப்பதன்று. பதிவேட்டில் ஒருமுறை பிழையாக எழுதப்பட்ட மனிதரை ஆய்வாளரும் மீண்டும் பிழையாக எழுதிவிடாதிருப்பதே அவருக்குச் செய்யத்தக்க முதல் நீதியாகும்.